வெறுவயிறு

சொல்லுக்குப் பொருள் கூறுவதே யான் முப்பது ஆண்டாகச் செய்துவருந் தொழில். அத்தகையோன் ஒரு சொல்லுக்குப் பிழையாகப் பொருள்கொண்டு இடர்ப்பட்ட கதை இது.

குடலிறக்கச் சத்திரசிகிச்சைக்கு எனக்கு நாள் குறித்தார்கள். உயர் குருதியமுக்கத்துக்கு நெடுங்காலமாகக் குளிசை உண்பவன் யான். "வெறுவயிற்றோடு வாருங்கள்" என்றனர். குளிசையும் ஆகாது போலும் என்றெண்ணி, கந்தசட்டி விரதம் பிடிப்பவன்போல் இரண்டு நாள் முன்னதாகவே அதனையும் விட்டேன். அன்று காலை அமுக்கம் 190க்கு 115. சிகிச்சையை ஒத்திவைத்து என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அஞ்சி ஓடிவந்தேன் என்றே அயலார் எண்ணினர்.

ஒத்திவைத்தது தவறன்று. மயக்க மருந்தின்கீழ்க் குருதியமுக்கம் ஏறியும் இறங்கியும் தாவும். கட்டுப்படாத அமுக்கமுடையார்க்கு அத்தாவல் பெரிது. மூளையும் இதயமும் சிறுநீரகமும் அதனால் ஊறுபடலாம். அவசரமற்ற சிகிச்சையாயின், முந்திய 12 மாதங்களுள் குடும்ப வைத்தியர் எடுத்த அளவு 160/100க்குக் கீழ் இருத்தல் நன்று என்றும், அத்தகைய பதிவில்லாதார்க்கு முன்பரிசோதனையில் 180/110க்குக் கீழ் இருப்பின் போதும் என்றும் 2016இல் வெளியான பிரித்தானிய வழிகாட்டி கூறுகின்றது.

அன்றைக்கே புதுமருந்து கொடுத்துத் தணித்தால் என்ன என்று கேட்கலாம். 2008இல் வெளியான ஆய்வொன்றில், 8,351 நோயாளருள் ஒரு பாதியினர்க்குச் சத்திரசிகிச்சைக்குச் சில மணி முன்னர் மெற்றொபுறொலோல் தொடங்கப்பட்டது. அவர்களிடை மாரடைப்புக் குறைந்தது. பக்கவாதமும் மரணமுமோ கூடின. அமுக்கத்தைத் தணித்தல் பல வாரம் முன்னரே தொடங்கவேண்டிய வேலையாகும்.

குளிசை என்பதும் பல பொருள் ஒருசொல். அற்றெனலோல் போல்வனவற்றை உண்டுவருவோர் திடீரென நிறுத்துதல் ஆபத்து. லொசாட்டன் போல்வனவற்றை முதல்நாளே நிறுத்தச் சொல்லும் வைத்தியரும் உளர். தொடரச் சொல்வாரும் உளர். எதனை ஒரு மிடறு நீரோடு விழுங்குவது, எதனை விடுவது என்பதை மயக்கமருந்து வைத்தியரே சொல்லல் வேண்டும்.

அதனை வாயாற் சொல்லிவிடுதல் போதாது என்பதே என் கருத்து. தத்தம் குளிசைகளை நிறத்தால் மட்டும் அறியும் முதியோர் நம்மிடைப் பலர். குளிசை ஒவ்வொன்றின் பெயரையும் குறித்து, உண்க, விடுக என்று நல்ல தமிழில் எழுதிய தாளொன்று அவர்கள் கையில் இருத்தல் வேண்டும். மேனாட்டு மருத்துவ நூல்களையே 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயிலிருந்து தமிழாக்கினார் வைத்தியர் கிறீன். நமக்கு ஒரு தாள் எழுதுதல் அரிதோ?

அத்தாள் வருங்காறும் ஆசிரியராகிய நாம் வாளாவிருத்தல் முறையன்று. சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்ட அயலார் எவரேனும் இருப்பின், அவருடைய கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்ப்போம். குளிசைகளின் பெயரை வரிசையாக எழுதிக் கொடுப்போம். ஒவ்வொன்றையும் குறித்து வைத்தியரிடம் வினவுமாறு சொல்வோம். இரண்டாம் முறை யானும் அவ்வாறே எழுதிக்கொண்டுபோய்க் கேட்டேன். சிகிச்சை இனிது முடிந்தது.