தேய்ந்த கையுறையும் தேய்ந்த கையும்

காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள். வார இறுதி என்றால் கொல்லிமலைச் சாலை முழுக்க பைக்குகள். ஓட்டுபவர் கைகளில் தோல் கையுறை. அது புதிதாகத் தெரியக் கூடாதாம். பத்து வருடம் பாடுபட்டது போலத் தெரிய வேண்டுமாம். அதற்கும் வழி இருக்கிறது: உப்புத்தாளால் விரல் மூட்டுகளில் தேய்ப்பது, ஸ்பிரிட் தொட்டுச் சாயத்தை மங்கவைப்பது, எண்ணெய் பூசிக் கசக்குவது.

புதுத் தோல் விறைப்பாக இருக்கும். அதைக் கைக்குப் பழக்குவதில் தப்பில்லை. நாங்கள் கேட்பது வேறு. செய்யாத வேலையின் தழும்பு எதற்கு?

தோலைத் தொட்டவர்களைத் தொடாத சமூகம் இது. கொங்கு நாட்டில் கவலை இறைக்கத் தோல் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். அந்தத் தண்ணீரில் விளைந்ததைத் தின்றவர்கள், தைத்தவர்களை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் ஆலைக் கழிவைத் தேக்கிய தொட்டி உடைந்தது. தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். தோலின் மேல் உண்மையான தழும்பு இதுதான். இதை எந்த உப்புத்தாளாலும் வரவழைக்க முடியாது.

இப்போது திங்கட்கிழமை காலைக்கு வாருங்கள். சுற்றுலா வந்தவர்கள் வீசிய பாட்டிலையும் எச்சில் இலையையும் யாரோ வெறுங்கையால் அள்ளுகிறார்கள். 'தூய்மைப் பணியாளர்' என்று பெயரை மாற்றியாயிற்று. கை மாறவில்லை, சாதியும் மாறவில்லை. பைக் ஓட்டியவரின் கையுறை தேய்ந்திருக்கிறது. இவர்களுக்குக் கையே தேய்ந்திருக்கிறது.

சட்டமும் கையுறையைத்தான் பார்க்கிறது. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்த 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். அரசு அறிவிக்கும் கருவியும் பாதுகாப்புக் கவசமும் கொடுத்துவிட்டால், மலம் அள்ளுபவர் 'மலம் அள்ளுபவர்' ஆக மாட்டார் என்கிறது அதன் விளக்கம். அங்கே உழைக்காதவருக்கு உழைத்த தோற்றம். இங்கே இழிவுக்குச் சட்டபூர்வமான தோற்றம். இரண்டுக்கும் ஒரே கையுறை.

அதனால் நாங்கள் கையுறையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லவில்லை. மலக்குழியில் மனிதர் இறங்கவே கூடாது. அங்கே இயந்திரம் வேண்டும். ஆனால் குப்பை அள்ளும் கைக்கு இன்றைக்கே கையுறை வேண்டும்.

தோழர்களே, உங்கள் ஊராட்சிக்கு ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். கடந்த ஆண்டு எத்தனை ஜோடி வாங்கினீர்கள்? யாரிடம் கொடுத்தீர்கள்? பெண்களின் கைக்குப் பொருந்துமா? கிழிந்தால் மறுஜோடி எப்போது? பதில் வந்ததும் அந்தத் தாளோடு தொழிலாளர்களிடம் போங்கள். கணக்கில் இருக்கும் கையுறை கையில் இருக்கிறதா என்று அவர்களையே கேளுங்கள்.

நிஜமாகவே தேய்ந்த கையுறைகளை நாங்களும் பார்க்க ஆசைப்படுகிறோம். முதலில் அவற்றைத் தேய்க்க வேண்டிய கைகளுக்குக் கொடுங்கள்.