சும்மா கிடக்கிற காடு

நாலு வருசம் உழாமல் விட்ட நிலத்தைப் பார்த்தால் நம்ம பக்கம் முதலில் வருகிற கேள்வி, “ஏனுங்க, காட்டை இப்புடிப் போட்டு வெச்சிருக்கீங்க?” என்பதுதான். அடுத்தது, “ஜேசிபி விட்டுச் சுத்தம் பண்ணிடலாமுங்களா?”

சுத்தம்! ஆவாரையும் துத்தியும் தானாக முளைத்த வேப்பங்கன்றும் எப்போது குப்பையாகின? கிராமக் கணக்கில் ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’, ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்று எழுதுவார்கள். வரி வருமா என்பதுதான் அங்கே அளவுகோல். கௌதாரி முட்டையிடுகிறதா என்று பார்க்க அந்தக் கணக்கில் கட்டம் இல்லை. அந்தக் கண்ணையே நாமும் வாங்கிக்கொண்டோம்.

ஆனால் காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டை யாரும் தரிசு என்று சொன்னதில்லை. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே வெள்வேல் மரங்கள், கீழே கொழுக்கட்டைப்புல். வருசா வருசம் ஏர் பூட்டுவதில்லை. மாட்டை மாற்றி மாற்றிப் பட்டியில் அடைத்து மேய்ப்பார்கள். கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேல் நெற்று மாட்டுக்குத் தீனி. காங்கேயம் மாடு வளர்ந்தது இந்த மண்ணில்தான். இன்றைக்கு அதுவும் மனைக்கட்டாகப் போகிறது.

அதற்காக, நிலத்தை அப்படியே விட்டால் காடாகிவிடும் என்று நகரத்திலிருந்து சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. விட்ட இடமெல்லாம் சீமைக்கருவேல் ஏறுகிறது. ஆடு மாடு நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்பும். புதர் அடர்ந்தால் பன்றி தங்கும். பக்கத்துக் காட்டுக்காரருக்குக் கடலை போகும். அவர் சத்தம் போடுவது நியாயம்தானே? கடலையை இழப்பவர் அவர், அறிவுரை சொன்னவர் இல்லை.

ஜேசிபியாலும் இது தீராது. வெட்டின கட்டை தழையும், கிளறின மண்ணில் கிடக்கும் விதை அடுத்த மழைக்கு முளைக்கும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது சீமைக்கருவேல் கன்றை வேரோடு பிடுங்குவதுதான் வேலை. பெரிய மரங்களைத் தூரோடு தோண்டி, ஒவ்வொரு பகுதியாக எடுக்கலாம். அதோடு வேம்பு, வெள்வேல், வெப்பாலை போகக் கூடாது.

ஆடி மழைக்கு முன்னால் ஒருதரம் காட்டைச் சுற்றி வாங்க. கையில் பழைய சேலைக் கிழிசல் இருக்கட்டும். தானாக வந்த நல்ல கன்று ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கட்டுங்கள். வண்டிக்காரர் வந்தாலும் அதைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.