முதியோர் துயரை அளப்பது எவ்வாறு?

முதியோரைப் போற்றுதல் எமது மரபென மேடைதோறும் முழங்குகின்றோம். அம்முதியோர் துன்புறுகின்றனர் என ஓர் ஆராய்ச்சி கூறின், நம்ப மறுக்கின்றோம். அன்றேல், அது தரும் எண்ணை ஆராயாது ஏற்றுப் பதறுகின்றோம். இவ்விரண்டும் கற்றோர்க்கு அழகல்ல.

28 நாடுகளில் நடந்த 52 ஆய்வுகளைத் தொகுத்து 2017ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையொன்று, அறுபது வயது நிரம்பியோருள் ஏறத்தாழ அறுவரில் ஒருவர் ஓராண்டினுள் கொடுமைக்கு உள்ளாயினர் என்றது. கொடுமை என்றவுடன் அடியும் உதையுமே நம் மனக்கண்முன் தோன்றும். அக்கட்டுரையிலோ உடலை வருத்துதல் நூற்றுக்கு 2.6, கவனியாது விடுதல் 4.2, பொருளைப் பறித்தல் 6.8, மனத்தைப் புண்படுத்தல் 11.6. ஆகவே, எதனைக் கொடுமையென வகுத்தனர் என்பதே நாம் கேட்கவேண்டிய முதல் வினாவாகும்.

எவரை, எம்மொழியில், யார் முன்னிலையில் வினவினர் என்பது இரண்டாம் வினா. எம்பிலிப்பிட்டியவுக்கு வடமேற்கே இறக்குவானை, காவத்தைப் பகுதிகளிலுள்ள தோட்ட லயன்களை எண்ணிப் பார்ப்போம். ஓர் அறையிலேயே மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் யாவரும் வாழ்வர். ஆங்கு மகன் அருகே நிற்க, "உமது சேமலாப நிதிப் பணம் என்னவாயிற்று?" என ஒருவர் வினவினால், கொழுந்து பறித்து ஓய்ந்த அம்மூதாட்டி, "ஒரு குறையுமில்லைங்க, ஐயா" என்றே விடையிறுப்பார். வினாவே அவருக்கு விளங்காத மொழியில் அமையின் அவ்விடைதானும் கிட்டாது. நினைவு மங்கியோரைப் பல ஆய்வுகள் வினவுவதேயில்லை. அதிக இடருக்கு உள்ளாவோர் அவர்களே. எனவே, குறைந்த எண் கண்டு மகிழ்தல் பேதைமை.

மறுபுறம், பெற்றோர் படும் துன்பமனைத்தையும் பிள்ளைகளின் கொடுமையென எழுதுதலும் நீதியன்று. நாட்கூலியை இழந்து தாயை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவியலாத மகனும், தாயின் பணத்தைப் பறிக்கும் மகனும் ஒருவரல்லர். வறுமையையும் வன்மத்தையும் வேறு பிரித்தறியாத ஆய்வு, நோயறியாது மருந்திடும் வைத்தியனை ஒக்கும்.

எமது நாட்டில் முதியோர் உரிமைகளைக் காக்கும் 9ஆம் இலக்கச் சட்டம் 2000ஆம் ஆண்டிலே இயற்றப்பட்டது. தம்மைத் தாமே பேணவியலாத பெற்றோர், பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரி முறையிட அஃது ஒரு சபையையும் வகுத்தது. ஆயினும், வாய் திறவாதார்க்குச் சட்டம் யாது செய்யும்?

இன்று கற்கும் மாணவர் நாளை ஆராய்ச்சியாளராய்த் தோட்டங்களுக்குச் செல்லக்கூடும். வினாக்கொத்தைக் கையிலெடுக்குமுன், முதியவரின் மொழியில், அவரோடு தனித்திருந்து பேசுவதற்கு வழிசெய்யுங்கள். எம்போன்ற பழைய மாணவரோ, பத்திரிகையில் ஓர் எண்ணைக் காணுந்தோறும் அதன் பின்னே பேசாதிருந்தோர் எத்துணையர் என வினவப் பழகுவோமாக.