கூட்டமில்லாத தீவைத் தேடும் கூட்டம்

பலதுறைத் தொழிற்கல்லூரியின் செப்டம்பர் விடுமுறையில் ஜப்பானுக்குச் செல்ல நண்பர்கள் நால்வர் திட்டமிட்டு வருகிறோம். தோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்று எல்லாரும் போகும் வழி வேண்டாம், கூட்டமே இல்லாத ஒரு தீவுக்குப் போவோம் என்று முதல் நாளே முடிவாகிவிட்டது. ஆனால், தீவைத் தேடத் தொடங்கிய பிறகுதான் அந்த ஆசைக்குள் இருக்கும் சிக்கல் எனக்குப் புரிந்தது.

முதலில் நிலவரத்தைப் பார்ப்போம். கொவிட்-19க்கு முன்பு, 2019ல், ஏறத்தாழ 31.88 மில்லியன் வெளிநாட்டவர் ஜப்பானுக்குச் சென்றனர். 2024ல் அந்த எண்ணிக்கை 36.87 மில்லியனானது. 2025ல் 40 மில்லியனையும் கடந்தது. யென்னின் சரிவு இதற்கு ஒரு முக்கியக் காரணம். 2024ன் நடுப்பகுதியில் ஓர் அமெரிக்க டாலருக்கு 160 யென்னுக்கு மேல் கிடைத்தது. 2030க்குள் 60 மில்லியன் வருகையாளர்களை ஈர்ப்பது ஜப்பானிய அரசாங்கத்தின் இலக்கு.

இதன் சுமையை ஒரு சில ஊர்களே தாங்குகின்றன. கியோட்டோவின் கியோன் பகுதியில் தனியார் சந்துகளுக்குள் சுற்றுப்பயணிகள் நுழைய 2024ல் தடை விதிக்கப்பட்டது. மீறினால் 10,000 யென் அபராதம். அதே ஆண்டு, ஃபியூஜி மலையைப் பின்னணியில் காட்டும் ஒரு கடையின் எதிரே படம் எடுக்கக் கூட்டம் அலைமோதியதால், ஊராட்சியினர் சாலையோரம் பெரிய கறுப்புத் திரையையே கட்டினர். மலையேறுவோருக்கும் யமனாஷி பக்கத்துப் பாதையில் கட்டணமும், நாளுக்கு 4,000 பேர் என்ற வரம்பும் வந்தன.

நாங்கள் தேர்ந்தெடுத்தது சாடோ தீவு. தோக்கியோவிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் இரண்டு மணி நேரத்தில் நீகாட்டா நகரம். அங்கிருந்து காரை ஏற்றிச் செல்லும் கப்பலில் இரண்டரை மணி நேரம், விரைவுப் படகில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். தீவின் பரப்பளவு ஏறக்குறைய 855 சதுர கிலோமீட்டர். அதாவது, சிங்கப்பூரைவிடப் பெரியது. நம் நாட்டில் ஆறு மில்லியன் பேர் வாழ்கிறோம். சாடோவிலோ, 2020 கணக்கெடுப்பின்படி 51,492 பேர்தான்.

"அப்பாடா, நாம் தேடிய இடம் இதுதான்!" என்றாள் தோழி ஒருத்தி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால், 1950ல் அங்கு சுமார் 125,000 பேர் வாழ்ந்தனர் என்று படித்ததும் அந்த அமைதியின் பொருள் மாறிவிட்டது. இளையர்கள் படிக்கவும் வேலை தேடவும் வெளியேறினர். 1601ல் தொடங்கிய தங்கச் சுரங்கமும் 1989ல் மூடப்பட்டது. நமக்குக் 'கூட்டமில்லை' என்பது அங்குள்ளவர்களுக்கு 'ஆளில்லை' என்பதாக இருக்கிறது. கியோட்டோவின் பிரச்சினைக்கு நேரெதிரானது சாடோவின் பிரச்சினை.

அப்படியானால் எல்லாரையும் அங்கே திருப்பிவிட்டால் போதுமா? கூட்டத்தைக் கிராமப்புறங்களுக்குப் பரப்ப வேண்டும் என்று ஜப்பானிய அரசாங்கமும் சொல்கிறது. இதை அரைத் தீர்வாகவே நான் பார்க்கிறேன். பேருந்துகள் அடிக்கடி ஓடாத தீவு அது. திடீரென ஒரு காணொளி பரவி, அனைவரும் ஒரே வாரத்தில் ஒரே கடற்கரைக்குப் படையெடுத்தால் கியோட்டோவின் கதைதான் அங்கும் நடக்கும். காலையில் வந்து படம் எடுத்து மாலையில் கிளம்புபவரால் ஊருக்குக் கிடைக்கும் வருமானம் குறைவு, நெரிசல்தான் மிச்சம். ஆக, எத்தனை பேர் போகிறோம் என்பதோடு, எப்போது போகிறோம், எத்தனை நாள் தங்குகிறோம், யாரிடம் செலவழிக்கிறோம் என்பதும் முக்கியம்.

அதனால் எங்கள் திட்டத்தை மாற்றிக்கொண்டோம். ஒரு நாள் பயணம் மூன்று இரவுகளானது. 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பார்களே, அந்தக் கணக்கு! குடும்பத்தினர் நடத்தும் சிறு விடுதியில் தங்கி, உள்ளூர் அரிசிச் சோறு சாப்பிடப் போகிறோம். அந்த அரிசிக்கும் ஒரு கதை உண்டு. ஜப்பானின் கடைசிப் பூர்வீகத் தோக்கி, அதாவது ஜப்பானிய அரிவாள்மூக்கன், 2003ல் சாடோவில் இறந்தது. சீனாவிலிருந்து வந்த பறவைகளைக் கொண்டு இனம் பெருக்கி, 2008 முதல் காட்டில் விட்டனர். அவை இரை தேடுவதற்காக விவசாயிகள் பூச்சிமருந்தைக் குறைத்தனர். இன்று 500க்கும் மேற்பட்ட தோக்கிகள் அங்கே சுதந்திரமாகப் பறக்கின்றன. அவற்றை நெருங்காமல் தூரத்திலிருந்தே பார்க்க வேண்டும் என்பது ஊர் வழக்கம்.

சுரங்கத்தையும் பார்ப்போம். 2024 ஜூலையில் அது யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சுமார் 1,500 கொரியர்கள் அங்கே வேலை செய்ய வைக்கப்பட்டனர். அவ்வாண்டு நவம்பரில் ஜப்பான் நடத்திய நினைவு நிகழ்ச்சியைத் தென்கொரியா புறக்கணித்தது. தங்கத்தின் பளபளப்பை மட்டும் படமெடுத்துவிட்டு வந்தால் பாதிக் கதையைத்தான் அறிந்தவர்களாவோம்.

டிசம்பர் விடுமுறையில் போக நினைப்போர் கவனிக்க: குளிர்காலத்தில் அந்தக் கடல் கொந்தளிக்கும், படகுச் சேவை அடிக்கடி ரத்தாகும்.

"இதைப் பத்திரிகையில் எழுதினால் எல்லாரும் அங்கே போய்விடுவார்களே?" என்று அதே தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால், மறைத்து வைப்பதால் சாடோவுக்கு நன்மை இல்லை. அங்கே ஆள் வேண்டும். கூட்டத்தைக் குறைகூறும் நாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் என்பதை மறக்காமல், விருந்தாளிக்குரிய பணிவோடு போனால் போதும். உங்கள் அடுத்த பயணத்தைத் திட்டமிடும்போது 'அங்கே என்ன பார்க்கலாம்' என்பதற்கு முன்னர், 'அங்கே யார் வாழ்கிறார்கள்' என்று தேடிப் பாருங்கள்.