மழைக்காலத்தில் காவல் நாய்க்குப் போர்வை அவசியமா?

(கனகம்மாசத்திரம் விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது)

ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவமழை தொடங்கும் முன்னரே மாட்டுக் கொட்டகைக்குக் கூரை மாற்ற வேண்டும், விதை தானியத்தை ஈரம் படாமல் காக்க வேண்டும் என்று குடியானவர்களுக்கு நாம் சொல்லி வருகிறோம். ஆனால் ஆட்டுக் கிடையையும், வேர்க்கடலைக் கொல்லையையும், களத்து நெல்லையும் இராமுழுதும் விழித்துக் காக்கும் நாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குளிரிலும் மழையிலும் அந்நாய்க்குப் போர்வை வேண்டுமா என்பதே இங்கு ஆராயப் புகுந்த விஷயம்.

இதில் இரண்டு அபிப்பிராயங்கள் வழங்கி வருகின்றன. கடவுள் நாய்க்கு ரோமத்தைக் கொடுத்திருக்க, அதற்கு மேல் துணி எதற்கு என்பர் ஒரு சாரார். பட்டணங்களில் நாய்க்குச் சட்டை தைத்துப் போடுவதைக் கண்டு, நம் நாய்க்கும் ஒரு கோணியைக் கட்டிவிட்டால் நலம் என்பர் மற்றொரு சாரார். இரண்டும் முழு உண்மையல்ல என்பது என் கருத்து. ஓடி உழைக்கும் நாய்க்குப் போர்வை வேண்டுவதில்லை. நனைந்த பின் அசையாமல் கிடக்க நேரும் நாய்க்கே குளிரால் அபாயம். அந்த அபாயத்தையும் நீக்குவது பெரும்பாலும் துணியன்று, உலர்ந்த இடமேயாகும்.

இதன் காரணத்தைச் சிறிது விளக்குவோம். ஆரோக்கியமுள்ள நாயின் உடல் உஷ்ணம் பாரன்ஹீட் அளவில் 101 முதல் 102½ டிகிரி வரை இருக்கும். ஓடும்போது தசைகளில் உஷ்ணம் மிகுதியாக உண்டாகிறது. நம்மைப்போல் உடல் முழுதும் வியர்வை சிந்தி அதை வெளியேற்ற நாயினால் இயலாது. நாக்கை நீட்டி இரைத்தே பெரும்பாலும் வெளியேற்றுகிறது. ஆகவே ஓடும் நாயின்மேல் கனத்த போர்வையைக் கட்டுவது அதற்கு உதவியன்று, தொல்லையே.

நனைந்து கிடக்கும் நாயின் நிலை வேறு. ரோமங்களுக்கு இடையில் தங்கும் காற்றுத்தான் நாய்க்கு உண்மையான கம்பளி. மழைநீர் அக்காற்றை வெளித்தள்ளிவிட்டால் ரோமம் இருந்தும் பயனில்லை. காற்றைக் காட்டிலும் நீர் சுமார் 25 மடங்கு விரைவாக உஷ்ணத்தைக் கடத்தும் தன்மையது. அன்றியும், ஒரு கிராம் நீர் ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி உஷ்ணம் வேண்டும். 20 கிலோ எடையுள்ள நாயின் ரோமத்தில் 100 கிராம் நீர் தங்கியதாக வைத்துக்கொள்வோம். அது உலர்வதற்கு 58 கிலோகலோரி வேண்டும். அந்நாய் சும்மா படுத்திருக்கையில் அதன் உடலில் இரண்டு மணி நேரத்தில் உண்டாகும் உஷ்ணம் ஏறக்குறைய அவ்வளவே. அதில் பெரும் பங்கை நாயின் உடலே கொடுக்க வேண்டியிருக்கிறது. மழை விட்டு விட்டுப் பெய்தால் இந்தச் செலவு இரவில் பலமுறை நேரும்.

இயற்கை இதற்கு ஒரு பரிகாரமும் தந்திருக்கிறது. நனைந்த நாய் உடலை உலுக்குவதை யாவரும் கண்டிருப்பர். இது குறித்து அமெரிக்காவில் நடந்து 2012-ஆம் வருஷம் வெளியான ஓர் ஆராய்ச்சி, நான்கு வினாடிக்குள் ரோமத்து நீரில் 70 சதவீதம் சிதறிப் போகிறதென்று கணக்கிட்டது. கோணியை இறுகக் கட்டிய நாய் இவ்விதம் உலுக்கிக்கொள்ள முடியாது. சணல் கோணியோ நீரை உறிஞ்சிக் கனத்து, முதுகிலேயே ஈரத்தைத் தேக்கி வைக்கும். நனைந்த கோணியைவிட வெறும் முதுகே மேல்.

மேல்நாட்டார் வழக்கத்தைச் சிலர் எடுத்துக்காட்டுவர். இங்கிலாந்து முதலிய தேசங்களில் துப்பாக்கி வேட்டைக்குச் செல்லும் நாய்களுக்கு நியோப்பிரீன் என்னும் ரப்பர் வகையில் தைத்த அங்கி அணிவிப்பதுண்டு. அதுவும் எல்லா வேட்டைக்குமன்று. வாத்து வேட்டையில் நாய் நெடுநேரம் நாணற் புதரில் அசையாமல் உட்கார்ந்திருந்து, பின்பு உறைநிலைக்கு அண்மையான நீரில் பாய வேண்டியிருக்கிறது. அதற்காகவே அந்த அங்கி. வேலை முடிந்ததும் துடைத்து உலர்ந்த போர்வை போர்த்துவது அங்கு பலரது வழக்கம். அங்கும் காத்திருக்கும் பொழுதுக்கும் ஓய்வுக்குமே போர்வை கருதப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முற்காலத்தில் நம் ஏரிகளிலும் நெல்வயல்களிலும் உள்ளான் சுட வந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் தேசத்து நாய்களைக் கொண்டுவந்தனர். அவற்றை இங்கே வருத்தியது குளிரன்று, வெயிலே. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் நம்மிடையே அத்தகைய வேட்டைக்கு இடமில்லை. ஆதலின் உழைக்கும் நாய் என்றால் நமக்குக் காவல் நாயே.

நாய்க்கு நாய் ரோமம் வேறுபடும் என்பதும் நினைவிலிருக்க வேண்டும். 2005-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் நம் தபால் இலாகா நான்கு இந்திய நாய்களின் உருவங்களைத் தபால் தலைகளில் வெளியிட்டது. அவற்றுள் இமயமலை ஆட்டுநாயும் இராஜபாளையமும் இருந்தன. முன்னதற்கு அடர்ந்த ரோமம். பனியில் படுத்தாலும் தாங்கும். பின்னதற்கோ குட்டை ரோமம், மெல்லிய தோல். சிப்பிப்பாறை, கன்னி ஆகிய ஜாதிகளும் அவ்வாறே. வறண்ட தென்ஜில்லாக்களின் வெயிலுக்கு ஏற்றபடி அமைந்தவை. நம் பக்கத்தில் சென்னைச் சிவப்பு ஆடுகளின் கிடையைக் காக்கும் ஊர் நாய்களுக்கும் ரோமம் குட்டையே. நமது சமவெளியில் உறைபனி விழுவதில்லை என்பது மெய்தான். ஆயினும் 2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் மிக்ஜாம் புயல் வீசியபோது போல, மழையும் ஊதற்காற்றும் இரவு பகலாய் ஓயாதிருக்கும் நாட்கள் உண்டு. அத்தகைய நாட்களில் உறைபனி இல்லாமலே குட்டை ரோம நாய் விறைத்துப் போகக்கூடும்.

ஆகவே செய்யத்தக்கவை யாவை? முதலாவது, தரையிலிருந்து முக்கால் அடி உயரத்தில் ஒரு சிறு பரண். நான்கு கல்லின்மேல் மூங்கில் பிளாச்சு பரப்பினாலும் போதும். மேலே ஓலை அல்லது பழைய தகரம். பருவக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் அப்பக்கத்தை அடைத்து, வாயிலைத் தென்மேற்கே வைக்க வேண்டும். உள்ளே வைக்கோலோ, நம் பக்கத்தில் தாராளமாய்க் கிடைக்கும் கரும்புச் சோகையோ பரப்பலாம். உண்ணி சேராதபடி வாரந்தோறும் மாற்றிவிடுக. கிடை இடம் பெயரும்போது இப்பரணையும் இருவர் தூக்கிச் செல்லலாம்.

இரண்டாவது, ஆகாரம். குளிரைத் தாங்க நாய்க்கு வேண்டிய விறகு அதன் வயிற்றில்தான் இருக்கிறது. மீந்த கஞ்சித் தண்ணீரை ஊற்றிவிட்டு இரவெல்லாம் காவலை எதிர்பார்ப்பது நியாயமன்று. மழை நாட்களில் கேழ்வரகுக் களியோ சோறோ வழக்கத்திலும் சற்று மிகுதியாக, இறைச்சித் துண்டோ மீனோ சேர்த்து, பொழுது சாயும் முன்னரே கொடுக்க வேண்டும். வெங்காயம் சேர்ந்த குழம்பு நாய்க்கு ஆகாது.

மூன்றாவதே போர்வை. குட்டிகள், கிழநாய்கள், நோயில் மெலிந்தவை, குட்டை ரோம ஜாதிகள் ஆகியவற்றிற்கு அது உபயோகப்படும். ஆட்டிடையர் தோளிலிடும் கம்பளியில் ஒரு பழந்துண்டே இதற்குச் சிறந்தது. கம்பளி ஈரத்தை ஓரளவு வாங்கியும் கதகதப்பை முற்றும் இழப்பதில்லை. அது மார்பையும் முதுகையும் மூட வேண்டும், கால்களைத் தடுக்கலாகாது. நாய் படுத்திருக்கும்போது மட்டும் இட்டு, காவலுக்கு அவிழ்த்து விடுகையில் எடுத்துவிட வேண்டும். இல்லையேல் சீமைக்கருவேல முள்ளிலோ கம்பி வேலியிலோ சிக்கி நாய் மாட்டிக்கொள்ளும். உரம் வந்த பிளாஸ்டிக் கோணியை ஒருபோதும் கட்டலாகாது. அதில் ஒட்டியுள்ள உரத்தை நாய் நக்கக்கூடும்.

குளிர் தாக்கிய நாயை அறிவது எளிது. முதலில் நடுங்கும், காதும் பாதமும் சில்லிடும், ஈறு வெளிறும். நடுக்கம் நின்று நாய் சோர்ந்து கிடந்தால் குணமாயிற்றென்று எண்ணலாகாது. அதுவே அபாயக் குறி. உடனே உலர்ந்த துணியால் துடைத்து, கம்பளியில் சுற்றி, வெந்நீர்ப் புட்டியைத் துணியில் பொதிந்து விலாவில் அணைக்க வேண்டும். நெருப்பருகில் கிடத்துவது தவறு. உணர்விழந்த தோல் வெந்துவிடும். 1962 என்ற எண்ணுக்குப் பேசினால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியின் உதவி கிட்டும்.

மனிதனுக்கே கூரையில்லாதபோது நாய்க்குப் பரணா என்று சிலர் கேட்கக்கூடும். ஓர் ஆட்டின் விலையை நினைத்துப் பார்க்கட்டும். காவல் நாய் ஓரிரவு சோர்ந்தால், தெரு நாய்க் கூட்டம் புகுந்து கிடையில் எத்தனை ஆடுகளைக் கடித்துப் போடும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பரணுக்கு ஆகும் செலவோ நான்கு மூங்கிலும் ஒரு நாள் வேலையுமே. மழையில் கிடை காக்கும் இடையர் தமக்குக் கோணியை மடித்துக் கொங்காணி இட்டுக்கொள்கிறார். அருகில் நிற்கும் நாய்க்கு அந்தக் கொங்காணி வேண்டா. திரும்பி வந்து படுக்க உலர்ந்த இடமும் நிறைந்த வயிறுமே வேண்டும். ஐப்பசி அடைமழைக்கு முன் இவ்விரண்டையும் நம் குடியானவர்கள் அமைத்துக் கொடுப்பார்களாக.