உடலுக்கும் உரிமை உண்டு

 

பேசக் கூச்சப்படும் ஒரு நோயைப் பற்றி இம்மாதம் பேசுவோம். எச்.ஐ.வி. என்றதும், "அது நம்மவர்க்கு வராத நோய்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் நாட்டில் இந்நோய் முதன்முதலில் இனங்காணப்பட்டது 1987இல். கணவனிடமிருந்து தொற்றிய மனைவியும், உம்மாவிடமிருந்து தொற்றிய பிள்ளையும் இதில் அடக்கம். எப்படி வந்தது என்று துருவுவது நமது வேலையல்ல. வந்த பின் எப்படி வாழ்வது என்பதே கேள்வி.

ஸல்மானுல் பாரிஸீ (ரலி) அவர்கள் தமது தோழர் அபூதர்தா (ரலி) அவர்களின் வீட்டுக்குப் போனார்கள். அபூதர்தாவோ பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்றிருந்தார்கள். ஸல்மான் அவர்கள் தோழரைச் சாப்பிட வைத்தார்கள், உறங்க வைத்தார்கள், இரவின் கடைசியில் எழுப்பிச் சேர்ந்து தொழுதார்கள். இறைவனுக்கும், உமது உடலுக்கும், குடும்பத்துக்கும் உம்மீது உரிமை உண்டு என்று எடுத்துரைத்தார்கள். அது உண்மையே என நபி (ஸல்) அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். சுகதேகிக்கே இப்படியென்றால், நோயாளியின் உடலுக்கு எவ்வளவு உரிமை இருக்கும்!

அந்த உரிமைகளில் முதலாவது மருந்து. இந்நோயை முற்றாகப் போக்கும் மருந்து பொதுப் பாவனைக்கு இன்னும் வரவில்லை. அடக்கி வைக்கும் மருந்து உண்டு. 2004 முதல் அரசாங்கம் அதை இலவசமாக வழங்குகிறது. இப்போது பலருக்கு நாளுக்கு ஒரு குளிசையே போதும். அதை ஒழுங்காகக் குடித்து, இரத்தப் பரிசோதனையில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்து, அந்நிலை நீடித்தால், தாம்பத்தியத்தின் மூலம் துணைக்குத் தொற்றாது. கர்ப்பிணித் தாய் மருந்தெடுத்தால் பிள்ளையையும் காக்கலாம். தாயிலிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக 2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் சான்று வழங்கியது.

ஆனால் நாட்களைத் தவறவிட்டால் கிருமி மருந்துக்குப் பழகி அதை எதிர்த்து நிற்கத் தொடங்கும். ஆகவே, "சுகமாகத்தானே இருக்கிறேன்" என்று நிறுத்தக் கூடாது. ஓதிப் பார்ப்பதும், தேனும் கருஞ்சீரகமும் மருந்துக்குப் பதிலாகிவிடா. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டும்படி நபியவர்கள் கற்றுத் தந்தார்கள். கல்சியம், இரும்புச்சத்துக் குளிசைகளும் வயிற்றெரிவு மருந்துகளும் சில எச்.ஐ.வி. மருந்துகள் உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். நாட்டு மருந்து உட்பட எதைப் பாவித்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது உணவு. விலையுயர்ந்த சத்துமா தேவையில்லை. பருப்பு, பயறு, முட்டை, நெத்தலி, முருங்கையிலை, பப்பாசி போதும். முட்டையையும் இறைச்சியையும் நன்றாக வேக வையுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். மருந்து தொடங்கிய பின் சிலருக்கு உடல் பருக்கும். நீரிழிவும் இருதய நோயும் இவர்களை எளிதில் நெருங்கக் கூடியவை. எனவே தேநீரில் சீனியையும், பொரித்த பலகாரத்தையும் குறையுங்கள். வீட்டு வளவுக்குள்ளேனும் கிழமைக்கு ஐந்து நாள் அரை மணி நேரம் வேகமாக நடவுங்கள். இஷாவுக்குப் பின் நேரத்தோடு உறங்குங்கள். சிகரட்டும், புகையிலை சேர்த்த வெற்றிலையும் வேண்டாம். இருமல் தொடர்ந்தால் தாமதியாமல் காசநோய்ப் பரிசோதனை செய்யுங்கள், எச்.ஐ.வி. உள்ளவரை அது எளிதில் பற்றும்.

ரமழானில் என்ன செய்வது? நோன்புக்குச் சில வாரங்கள் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். ஒரு வேளைக் குளிசையாயின், ஸஹரிலோ நோன்பு திறந்த பின்போ குடிக்கும்படி அவர் நேரத்தை மாற்றித் தரலாம். நோன்பு வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான். நோன்புக்காக மருந்தை விடுவது தக்வா அல்ல.

இனி, வீட்டிலுள்ள மாமிமாருக்கும் மதனிமாருக்கும் ஒரு வார்த்தை. ஒரே ஸஹனில் கை வைத்துச் சாப்பிடுவதால் இது தொற்றாது. ஒரே கோப்பை, ஒரே குளியலறை, முஸாபஹா, பிள்ளையை முத்தமிடுதல், நுளம்புக்கடி, எதனாலும் தொற்றாது. தனிப் பீங்கானும் தனிப் பாயும் கொடுத்து ஒதுக்கினால் அவள் என்ன செய்வாள்? குளிசையை அரிசிப் பானைக்குள் ஒளிப்பாள். ஆள் இருக்கும்போது குடிக்க மாட்டாள். கிளினிக் நாளைத் தவறவிடுவாள். நோயைவிட நமது பார்வையே அவளை முதலில் வீழ்த்திவிடும். அவளது இரகசியம் தெரிந்தால் அதுவும் அமானிதம்; அயல்வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். குளிசை நேரத்தில் ஒரு கோப்பை தண்ணீரை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

தமக்கும் இருக்குமோ என்ற சந்தேகம் உள்ளவர்கள், அரசாங்கப் பாலியல் நோய்க் கிளினிக்குகளில் இலவசமாகவும் இரகசியமாகவும் பரிசோதித்துக் கொள்ளலாம்.

யா அல்லாஹ்! நோயுற்றோருக்குப் பூரண ஷிபாவைத் தருவாயாக! அவர்களோடு ஒரே ஸஹனில் அமரும் உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன்.