அளவு கூடினால் அறுவை சிகிச்சையா?

தீபாவளிக்கு ரவிக்கை தைக்கத் தோழியுடன் தேக்காவுக்குச் சென்றிருந்தேன். அளவெடுத்த தையல்கார அக்கா, “போன வருஷத்தைவிட ரெண்டு இஞ்ச் கூடியிருக்கும்மா” என்றார். உடன் வந்த தோழியின் அத்தை, “சாப்பாட்டைக் குறைன்னா கேட்டால்தானே” என்று சிரித்தார். தோழி சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில், பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தை லைப்போசக்‌ஷன் எனும் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சைக்காக வைத்திருப்பதாக அவள் சொன்னாள்.

தன் உடலைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை அவளுக்கு உண்டு. ஆனால், ஒப்புதல் தருமுன் அது என்ன சிகிச்சை என்பது தெரிந்திருக்க வேண்டும்.

தோலில் சிறு துளையிட்டு, மெல்லிய குழாயை நுழைத்து, தோலுக்கடியில் உள்ள கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். இது உடல் வடிவத்தை மாற்றும் சிகிச்சை, உடற்பருமனுக்கு மருந்தன்று. நீரிழிவு, இதய நோய் ஆகியவற்றோடு அதிகம் தொடர்புடையது வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு. அதை இந்தக் குழாய் தொடுவதில்லை. பின்னர் எடை கூடினால், எஞ்சிய கொழுப்பணுக்கள் மீண்டும் பருக்கும்.

‘சின்ன சிகிச்சைதானே, அன்றே வீடு திரும்பலாம்’ என்று நினைப்பதும் தவறு. 2009 டிசம்பரில் சிங்கப்பூர் மருந்தகம் ஒன்றில் இச்சிகிச்சை செய்துகொண்ட 44 வயது நிறுவனத் தலைமை நிர்வாகி ஃபிராங்க்ளின் ஹெங் உயிரிழந்தார். புரோபோஃபோல் என்ற மயக்க மருந்தால் மூச்சுப்பாதை அடைபட்டதே காரணம் என்று மரண விசாரணையில் தெரியவந்தது.

ஆகவே, கேட்க வேண்டிய கேள்விகள் சில உள்ளன. மருத்துவரின் தகுதி என்ன? சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் அதைச் சரிபார்க்கலாம். மயக்க மருந்தைக் கொடுப்பவர் யார், சிகிச்சை முடியும்வரை மூச்சைக் கண்காணிப்பவர் யார்? அவசரம் என்றால் என்ன ஏற்பாடு? அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்கு மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்த முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள். “குண்டாயிட்டியே” என்பதை நீங்கள் நலம் விசாரிப்பாக நினைக்கலாம். அதைக் கேட்கும் 18 வயதுப் பெண்ணுக்கு அது தீர்ப்பாகவே ஒலிக்கிறது. அக்கறை இருந்தால், மாலையில் அவளோடு சேர்ந்து நடக்கச் செல்லுங்கள்.

தோழி அடுத்த வாரம் மருத்துவ ஆலோசனைக்குச் செல்கிறாள். கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு நானும் உடன் செல்கிறேன். பதில்கள் திருப்தி தராவிட்டால், இருவரும் எழுந்து வந்துவிடுவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.